சூடு ஏறினால்... என்ன கிளம்பும்?

அடுப்படி, பூஜையறை, பிரசவ அறை... நம் வீட்டுக்குள்ளேயே கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத வாயுக்களைப் பற்றி ஓர் உஷார் ரிப்போர்ட்!

காரைக்கால் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? திருநள்ளாறு சனீஸ்வரன்... காரைக்கால் அம்மையார்... ஆனி மாதத்தில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசும் மாங்கனித் திருவிழா... அரசலாறு கடலோடு சேரும் இடத்தில் வீசும் உப்புக் காற்று...

ஆனால், அந்த ஊரில் யாருமே பார்க்காத ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, தெரியுமா? அதுவும் காலுக்குக் கீழே!

பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் காவிரிப் படுகையில் கடல் புகுந்து புகுந்து விலகியது. அப்போது செத்துப்போன பாசிகள், நுண்ணுயிர்கள், செடி கொடிகள் எல்லாம் சேற்றோடு சேற்றாகப் புதைந்தன. மேலே மேலே வண்டல் படியப் படிய, அந்தச் சேறு ஆழத்துக்குப் போனது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சுமார் 25, 30 டிகிரி கூடும். மூன்று நாலு கிலோமீட்டர் ஆழம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! நம் வீட்டுக் குக்கர் அளவுக்குச் சூடு. அதில் கோடிக்கணக்கான வருஷம் வெந்தால் என்ன ஆகும்? அந்தச் சேற்றில் இருந்த கொழுப்புப் பொருள்கள் உடைந்து முதலில் கச்சா எண்ணெயாகும். சூடு இன்னும் ஏறினால் எரிவாயுவாகும்.

அந்த எண்ணெயையும் வாயுவையும்தான் நரிமணம் போன்ற பக்கத்து ஊர்களில் ஓ.என்.ஜி.சி. எடுத்தது. அதன் காவிரிப் படுகை அலுவலகமே காரைக்காலில்தான் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தில் 2000-ம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய 32.5 மெகாவாட் மின்நிலையம், இப்படிக் கிடைத்த வாயுவை எரித்து மின்சாரம் தயாரிப்பதற்காகவே கட்டப்பட்டது.

'சரி சார், பூமிக்கு அடியில் ஏதோ வேகட்டும். அதுக்கும் என் உடம்புக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா?

சம்பந்தம் இருக்கிறது. பூமி கோடி வருஷத்தில் செய்கிற அதே வேலையை, நாம் தினமும் ரெண்டு நிமிஷத்தில் நம் வீட்டு அடுப்பில் செய்துகொண்டிருக்கிறோம். பொருளைச் சூடு பண்ணுகிறோம், அது மாறுகிறது, மாறும்போது ஒரு வாயுவை வெளியே விடுகிறது. அந்த வாயு நம் இட்லியை உப்ப வைக்கலாம். நம் நுரையீரலை எரிச்சல்படுத்தலாம். சத்தமே போடாமல் ஒரு குடும்பத்தையே தூக்கத்தில் கொண்டுபோகவும் செய்யலாம். எது எது எப்படி என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதானே?

சூடு செய்யும் நாலு வேலை

ரொம்ப எளிமையாகச் சொன்னால், சூடு ஒரு பொருளுக்கு நாலு விதமாக வேலை செய்யும்.

ஒன்று, உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீரை ஆவியாக்கி விரட்டும். இரண்டு, பொருளின் தன்மையை மாற்றாமல் அதையே ஆவியாக்கும். மூன்று, பொருளை உடைத்துப் புதுப் பொருள்களாக்கும். நாலு, காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்த்து எரிக்கும். இந்த நாலில் கடைசிதான் பொல்லாதது. அதற்குக் கடைசியில் வருவோம்.

முதல் வேலை: தண்ணீரை விரட்டுவது

பூரி ஏன் உப்புகிறது? மாவுக்குள் இருக்கும் துளித் தண்ணீர் சட்டென்று நீராவியாகி, வெளியே போக வழி தெரியாமல் மாவைத் தூக்குகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

ஆனால் அந்தத் துளியின் பலத்தைக் குறைவாக எடைபோட்டுவிடாதீர்கள். தண்ணீர் நீராவியானால் அதன் கன அளவு சுமார் 1,600, 1,700 மடங்கு பெருகும். ஒரு டீஸ்பூன் தண்ணீர் எட்டு லிட்டருக்கு மேல் நீராவியாகிவிடும்! ஈரம் போகாத வஞ்சிர மீன் துண்டைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் படபடவென்று வெடித்து முகத்தில் தெறிப்பது இதனால்தான். மீனை நன்றாகத் துடைத்து, மசாலா தடவி, ஈரம் வற்றிய பிறகு போடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. வாணலியில் எண்ணெய் தீப்பிடித்துக்கொண்டால் பதற்றத்தில் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், அங்கே நீராவியாக வெடித்து, எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும். ஒருபோதும் செய்யாதீர்கள். முடிந்தால் கேஸை அணைத்துவிட்டு, ஒரு தட்டையோ மூடியையோ மெதுவாகப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். காற்று கிடைக்காமல் தீ தானே அடங்கிவிடும். மூடியை உடனே திறந்து பார்க்க வேண்டாம், ஆறட்டும்.

கையில் சுட்டுக்கொண்டால்? குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேனா மை, டூத் பேஸ்ட், தோசை மாவு எதுவும் வேண்டாம். ஐஸ் கட்டியும் வேண்டாம்.

இரண்டாவது வேலை: உருகாமலேயே ஆவியாவது

டப்பாவில் போட்ட கற்பூரம் கொஞ்ச நாளில் 'காணாமல்' போய்விடும். வேலைக்காரம்மா மேல் சந்தேகப்பட வேண்டாம்! கற்பூரம் உருகித் திரவமாகாமலேயே நேராக ஆவியாகும் ஜாதி. அந்துருண்டையும் அப்படித்தான். அதற்கு அடுப்புகூட வேண்டாம். அறையின் சாதாரணச் சூடே போதும்.

கற்பூரத்தை வெல்லக்கட்டி என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வது உண்டு. கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று விரலை விடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கற்பூர டப்பாவின் இடம் எப்போதும் குழந்தைக்கு எட்டாத உயரம்தான்.

அந்துருண்டை விஷயம் பலருக்குத் தெரியாது. பேரன் பிறக்கப்போகிறான் என்று, பீரோவில் பத்திரமாக வைத்த பழைய மெத்தை, போர்வை, தொட்டில் துணியெல்லாம் எடுப்போம். அவற்றோடு நாலு அந்துருண்டையும் இருந்திருக்கும். அந்த நாப்தலின் வாசனை குழந்தையின் மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். 'ஜி-6-பி-டி' என்று ஒரு நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. அவர்களுக்கு இந்த ஆவி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள்காமாலை கடுமையாகிவிடும். குழந்தையின் துணிகளோடு அந்துருண்டை போடவே போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், நன்றாகத் துவைத்து, வாசனை சுத்தமாகப் போகும்வரை வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். பிறந்த குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால் டாக்டரிடம் இந்த விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது வேலை: உடைப்பது

இதற்குச் சமையலறையிலேயே அருமையான உதாரணம் ஆப்ப சோடா. சூடு பட்டதும் இது மூன்றாக உடையும்: கரியமில வாயு, தண்ணீர், சலவை சோடா. ஆமாம்... துணி துவைக்கிற அதே சலவை சோடாதான்! வாயு மாவை உப்ப வைக்கிறது. சலவை சோடா பலகாரத்திலேயே தங்கிவிடுகிறது. சோடா தூக்கலாகப் போன பஜ்ஜியில் ஒரு சோப்பு வாடை வருமே, காரணம் புரிகிறதா?

ஒரு டீஸ்பூன் சோடா, அதாவது சுமார் 5 கிராம், முழுவதும் உடைந்தால் கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் கரியமில வாயு கிளம்பும். அதனால்தான் 'ஒரு சிட்டிகை' என்று பாட்டி சொன்னார். அந்த ஒரு டீஸ்பூனில் சுமார் 1.4 கிராம் சோடியமும் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளட் பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், 'நான்தான் உப்பைக் குறைச்சுட்டேனே' என்று சொல்லிவிட்டு பேக்கரி பலகாரமும் பஜ்ஜியும் சாப்பிட்டால் என்ன பயன்? பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று சோடா போடுவதும் வேண்டாம். அதிலுள்ள பி-1 வைட்டமின் வீணாகிவிடும்.

இட்லிக்கு சோடாவே தேவையில்லை. உளுந்தும் அரிசியும் புளிக்கும்போது நுண்ணுயிர்களே கரியமில வாயுவைத் தயாரித்து மாவுக்குள் சின்னச் சின்னக் குமிழிகளாக அடைத்து வைத்துவிடுகின்றன. இட்லிப் பானையின் சூட்டில் அந்தக் குமிழிகள் விரிகின்றன. அப்புறமென்ன, மல்லிகைப்பூ இட்லிதான்!

அடுத்து சுண்ணாம்பு. டெல்டா கடற்கரையில் கிளிஞ்சல்களை அள்ளிவந்து காளவாயில் போட்டுச் சுடுவது பழைய தொழில். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே சரக்குதான். சுமார் 900 டிகிரி சூட்டில் இது உடைந்து, கரியமில வாயுவை விட்டுவிட்டு, சுட்ட சுண்ணாம்பாகும். சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோ போட்டால் 44 கிலோ வாயுவாகப் போய், மிச்சம் 56 கிலோதான் கையில் நிற்கும்! இப்படிக் கல்லுக்குள் ஒரு வாயு சிறைப்பட்டுக் கிடக்கிறது என்று 1750-களில் எடை போட்டுக் காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். அவர் ஒரு டாக்டர். சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்க மருந்து தேடப்போய் இதைக் கண்டுபிடித்தார் என்பது சுவாரஸ்யம்.

அந்த வாயு காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கும். 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில், குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று சுண்ணாம்புக் காளவாய் ஓரம் படுத்த ஏழைகள் காலையில் எழுந்திருக்கவேயில்லை என்ற செய்திகள் அடிக்கடி வந்திருக்கின்றன.

நம் வீட்டில் சுண்ணாம்பின் ஆபத்து வேறு. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் கையில் வைத்து அமுக்க, அது பீச்சி அடித்துக் கண்ணில் விழுகிறது. சுண்ணாம்பு கண்ணின் கருவிழியையே வேகவைத்துவிடும். பார்வை போன குழந்தைகள் இருக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் ஒரு வினாடிகூடத் தாமதிக்காமல், இமையை நன்றாகத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் கழுவுங்கள். இமைக்கு அடியில் ஒட்டிய சுண்ணாம்பும் போக வேண்டும். பிறகு கண் டாக்டர். 'முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் கழுவலாம்' என்பது தப்பு.

எண்ணெய் புகைந்தால்...

தாளிக்கும்போது எண்ணெயை மறந்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுகிறோம். எண்ணெய் புகைய ஆரம்பிக்கிறது. கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது. ஏன்? எண்ணெயில் உள்ள கொழுப்பு உடைந்து, 'அக்ரோலின்' என்ற காரமான ஆவி கிளம்புவதால்தான். மிளகாய் வற்றலும் கருகிவிட்டால் கேட்கவே வேண்டாம், தெருவே இருமும்!

மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது வரும் புகையை, 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்ற இரண்டாம் படியில் வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம். பயந்துகொண்டு வடை சுடுவதையே விட்டுவிட வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், எண்ணெய் புகைகிற அளவுக்குப் போக விடாதீர்கள்.

பொரித்த எண்ணெயையே மறுபடி மறுபடி பொரித்தால் அது கறுத்து, கெட்டியாகி, சீக்கிரமே புகையத் தொடங்கும். ஹோட்டல்களுக்கு இதில் சட்டமே இருக்கிறது. எண்ணெய் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதைக் காட்டும் ஓர் அளவு 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தவே கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி. வீட்டில் மீட்டர் இல்லை. மூக்கும் கண்ணும் இருக்கின்றனவே! நிறம் மாறி, நுரைத்து, காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

நான்ஸ்டிக் தோசைக்கல்லும் உடையும் ஜாதிதான். சாதாரணச் சமையல் சூட்டில் ஒன்றும் ஆகாது. வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டு மறந்துபோனால்தான் வம்பு. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும். 350 டிகிரிக்கு மேல் உடைந்து விஷ ஆவி விடும். மனிதருக்கு ஃப்ளூ மாதிரி குளிர் காய்ச்சலும் இருமலும் வரும். கூண்டில் உள்ள கிளியும் லவ் பேர்ட்ஸும் செத்தே போய்விடும். நான்ஸ்டிக் என்றால் மிதமான தீ, வெறுங்கல்லை வைக்காதீர்கள். இவ்வளவுதான் விதி.

போகிக்கு பிளாஸ்டிக்கா? ஐயோ, வேண்டாம்!

பழைய பி.வி.சி. பைப், ஒயர், ரெக்ஸின் பை... இவற்றில் குளோரின் சேர்ந்திருக்கிறது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். அது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? ஹைட்ரோகுளோரிக் அமிலம்! அதோடு 'டயாக்ஸின்' என்ற நச்சுகளும் வரும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்த ஒரு மணி நேரப் புகை போதும், ஆஸ்பத்திரியில் சேர்க்க. குப்பையைக் கொளுத்துவது சுத்தமில்லை. குப்பையை நுரையீரலுக்கு மாற்றுவது.

நாலாவது வேலை: எரிப்பது... இதுதான் எமன்!

விறகு, கரி, கேஸ், பெட்ரோல் எது எரிந்தாலும் தாராளமாகக் காற்று கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். காற்று பற்றாவிட்டால்? அரைகுறையாக எரிந்து, 'கார்பன் மோனாக்ஸைடு' வரும். இதற்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. அறையில் இருப்பதே தெரியாது.

நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் கூலியாள் ஹீமோகுளோபின். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பாசமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது அது! பிடித்தால் லேசில் விடுவதில்லை. நுரையீரல் நன்றாக இருக்கும், ரத்தமும் ஓடும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்ஸிஜன் போய்ச் சேராது. இதைக் கண்டு சொன்னவர் 19-ம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவ விஞ்ஞானி கிளாத் பெர்னார்.

காரைக்காலை 1954 வரை ஆண்ட அதே பிரான்ஸின் மாபெரும் எழுத்தாளர் எமிலி ஸோலா இறந்ததும் இந்த வாயுவால்தான். 1902 செப்டம்பர் கடைசி. பாரிஸ் வீட்டில் கணப்பு மூட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டு ஸோலாவும் மனைவியும் படுத்தார்கள். புகைபோக்கி அடைத்திருந்தது தெரியாது. நடு ராத்திரியில் இருவருக்கும் தலைசுற்றல். ஏதோ அஜீரணம், காலையில் சரியாகிவிடும் என்று வேலைக்காரர்களைக்கூட எழுப்பவில்லை. காலையில் ஸோலா இல்லை. மனைவி பிழைத்தார்.

நூறு வருஷம் ஆகியும் கதை மாறவில்லை. 2020 ஜனவரியில் நேபாளத்துக்குச் சுற்றுலா போன கேரளத்துக்காரர்கள் 8 பேர் ஓட்டல் அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கி, அப்படியே போய்விட்டார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். 2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்கு வந்த திருச்சி நண்பர்கள், கறி சுட்ட கரியடுப்பு அணையாமலிருக்க அறைக்குள் தூங்கினார்கள். இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை.

'அது மலைக் குளிர் சார்... நம்ம ஊர்ல ஏது?' என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டும்போது காரைக்கால், நாகப்பட்டினம் பக்கம் கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு என்ன செய்கிறோம்? பிரசவித்த பெண்ணும் குழந்தையும் இருக்கும் அறையில் தணல் சட்டியை வைத்துச் சாம்பிராணி போடுகிறோம். ஈரத் துணி காயட்டும் என்று கரியடுப்பை உள்ளே இழுத்துவைக்கிறோம். 2018 நவம்பர் 16-ம் தேதி 'கஜா' புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு எத்தனை நாள் கரன்ட் இல்லாமல் தவித்தோம்! அப்படிப்பட்ட நாள்களில் ஜெனரேட்டரை மழையில் நனையாமல் வராந்தாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டுவது சாதாரணம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் புயல்களுக்குப் பிறகு, புயலில் தப்பியவர்களை ஜெனரேட்டர் புகை கொன்ற சம்பவங்கள் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன.

குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீஸரும் இதே ரகம்தான். சின்ன அறை, சாத்திய கதவு, எரியும் கேஸ். சுடுதண்ணீரில் சுகமாகக் குளித்துக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வந்து விழுந்துவிடுவார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், வாந்தி, கை கால் துவண்டுபோவது, குழப்பமான பேச்சு. ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். அதனால் மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி இருக்கிறதா? வெளியே வந்தால் தேவலையாகி, உள்ளே போனால் மறுபடி வருகிறதா? உள்ளே ஏதாவது எரிகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. அதை மாட்டிப் பார்த்துவிட்டு, '98 காட்டுது, ஒண்ணுமில்ல' என்று சும்மா இருந்துவிடாதீர்கள்! ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும் இந்த வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும் அந்தச் சாதாரணக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் அது நல்ல நம்பரையே காட்டும். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பரிசோதித்தால்தான் தெரியும்.

என்ன செய்ய வேண்டும்? கதவு ஜன்னலைத் திறந்து, எரிவதை அணைத்து, ஆளை வெளியே காற்றோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நீங்களும் உள்ளே அதிக நேரம் நிற்காதீர்கள். 108-க்கு போன் பண்ணுங்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருந்து இந்த வாயுவில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரமாகும். ஆஸ்பத்திரியில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். அதனால் 'தெளிஞ்சுட்டார், வீட்லயே படுக்கட்டும்' என்று விடக் கூடாது. கர்ப்பிணியாக இருந்தால், தாய் தெம்பாகத் தெரிந்தாலும் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். வயிற்றில் இருக்கும் சிசுவின் உடம்பில் இந்த வாயு இன்னும் அதிக நேரம் தங்கும்.

சில சந்தேகங்கள்... சில பதில்கள்!

'எங்க மாமியார் காலத்துலேர்ந்து குழந்தைக்குச் சாம்பிராணி காட்டறோம். நிறுத்தணுமா?'

தலை காயத்தான் அந்தப் புகை என்றால், மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். மனசு கேட்கவில்லையென்றால், குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள். புகை முழுக்க அடங்கிய பிறகு, தணல் சட்டியை வெளியே எடுத்துவிட்டுக் குழந்தையை அழைத்துவாருங்கள். இளைப்பு உள்ள குழந்தை என்றால் அதுவும் வேண்டாம்.

'கொசுவத்தி பரவாயில்லையா?'

ஒரு முழுக் கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்தால் வரும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாத்திய அறையில் விடிய விடிய அதைச் சுவாசிக்க வேண்டுமா? கொசுவலை இருக்கவே இருக்கிறது!

'மாம்பழத்துக்குக் கார்பைடு கல் வைக்கிறாங்களே, அதுவும் சூட்டுல வர்ற வாயுதானா?'

நல்ல கேள்வி. மாங்கனித் திருவிழா ஊரில் கேட்க வேண்டிய கேள்வியும்கூட! சுண்ணாம்பையும் கரியையும் மின் உலையில் சுமார் 2,000 டிகிரிக்குச் சூடாக்கினால் கிடைப்பது கார்பைடு கல். அதிலிருந்து வாயு வரச் சூடு வேண்டாம். ஈரம் பட்டாலே அசிட்டிலின் வாயு கிளம்பும். அது பழத்தின் தோலை மஞ்சளாக்கிவிடும். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்படம் இருக்கலாம் என்பதால் பழத்துக்கு இதைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை. பழம் தானாகவே விடும் எத்திலின் வாயுவை அளவோடு பயன்படுத்தத்தான் அனுமதி. வீட்டிலென்றால் அரிசிப் பானையும் வைக்கோலும் போதுமே! பழம் விடும் எத்திலின் உள்ளேயே தங்கிப் பழுக்க வைத்துவிடும்.

கேலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்

* சாத்திய அறையில் கரி, விறகு, தணல் எதுவும் கூடாது. 'கொஞ்ச நேரம்தானே' என்பதும் கூடாது.

* ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். மழைக்கு மேலே மட்டும் மறைப்புப் போதும்.

* கேஸ் கீஸரைக் குளியலறைக்குள் மாட்ட வேண்டாம். வெளியே மாட்டி, சுடுதண்ணீரைக் குழாயில் கொண்டுவாருங்கள்.

* கேஸ் அடுப்புத் தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரி பிடித்தால், காற்று சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். பர்னரைச் சுத்தம் செய்யுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

* சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படரும். வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறங்கள்.

* எண்ணெய் தீப்பிடித்தால் மூடி, தண்ணீர் இல்லை.

* கண்ணில் சுண்ணாம்பு பட்டால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் டாக்டர்.

* எக்ஸாஸ்ட் ஃபேனில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை மாதம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சூடு நமக்கு எதிரியில்லை. சோறு வேகவும், பூரி உப்பவும், கடலோரக் கிளிஞ்சல் சுண்ணாம்பாகவும், காவிரிப் படுகையின் சேறு எரிவாயுவாகவும் அதுதான் காரணம். அது கிளப்பிவிடும் வாயு வெளியே போக நாம் ஒரு வழி வைக்க வேண்டும், அவ்வளவே. இன்று ராத்திரி மழை பெய்தாலும் சரி, படுக்கும் முன்பு அறைக்குள் எதுவும் எரியவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு ஜன்னலையாவது திறந்துவைத்துவிட்டுத் தூங்குங்கள்!